பெட்ரோல் எஞ்சின், பதினான்கு சக்கரம், காந்த மிதவை: ஸ்கேட்போர்டு விந்தைகளில் நிலைத்தவை எவை?

மும்பை: பெட்ரோல் எஞ்சின் பூட்டிய பலகை, பதினான்கு சக்கரங்கள் கொண்ட பலகை, திரவ நைட்ரஜன் ஊற்றினால் தரைக்கு மேல் மிதக்கும் பலகை, குழந்தை வண்டியுடன் இணைக்கப்பட்ட பலகை எனச் சறுக்குப்பலகை எனப்படும் ஸ்கேட்போர்டைக் கொண்டு கடந்த அறுபது ஆண்டுகளில் செய்து பார்க்கப்படாத மாற்றமே இல்லை எனலாம். அவற்றுள் பெரும்பாலானவை சில காலம் பரபரப்பை ஏற்படுத்திவிட்டு மறைந்துபோயின. மிகச் சில மட்டும் பலகையின் பிரிக்க முடியாத பகுதியாகவே மாறிவிட்டன.

மும்பைத் தீவு நகரின் வட விளிம்பில், ஒருபுறம் தாராவியும் மறுபுறம் மாட்டுங்காவும் சூழ அமைந்துள்ள சயான் போன்ற பகுதிகளில் வசிக்கும் குடும்பங்களுக்கு இது வெறும் வேடிக்கைச் செய்தியன்று. எல்லை எனப் பொருள்படும் ‘சீவ்’ என்ற மராத்திச் சொல்லிலிருந்து பெயர் பெற்றதாகக் கூறப்படும் சயானில், நடைபாதைகள் பேவர் பிளாக் கற்களால் ஆனவை. சாலைகளோ பேருந்தும் லாரியும் ஓயாதவை. இணைய அங்காடிகளில் ‘புதுமை’ என்ற பெயரில் விற்கப்படும் சக்கரப் பலகைகளைப் பிள்ளைகள் கேட்கும்போது, எது பயன்படும், எது ஆபத்தாகும் எனப் பெற்றோர் அறிந்திருப்பது அவசியமாகிறது.

ஸ்கேட்போர்டு விந்தைகளின் வரலாற்றைத் தொகுத்து நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். ஓடவேண்டிய தரையின் சிக்கலைத் தீர்த்த கண்டுபிடிப்புகளே நிலைத்துள்ளன. தமக்கெனத் தனியாக ஒரு தரையைக் கேட்ட கண்டுபிடிப்புகள் எத்துணை வியப்பூட்டினாலும் நிலைக்கவில்லை.

பலகை எவ்வாறு இயங்குகிறது?

இன்றைய ஸ்கேட்போர்டின் அமைப்பு மிக எளிமையானது. மேப்பிள் மரத்தின் மெல்லிய தகடுகள் ஏழினை ஒன்றன்மேல் ஒன்றாகப் பசையிட்டு, அச்சில் வைத்து அழுத்திப் பலகை உருவாக்கப்படுகிறது. அதன் அடியில் முன்னும் பின்னுமாக ‘டிரக்’ எனப்படும் இரண்டு உலோகத் தாங்கிகள் பொருத்தப்படுகின்றன. ஒவ்வொரு தாங்கியிலும் ஓர் அச்சு, அதன் இரு முனைகளிலும் இரண்டு சக்கரங்கள், ஒவ்வொரு சக்கரத்திலும் இரண்டு பேரிங்குகள் உள்ளன.

பலகையைத் திருப்புவதற்குக் கைப்பிடியோ கயிறோ இல்லை. தாங்கியின் நடுவில் ரப்பர் போன்ற ‘புஷ்’ ஒன்று அமைந்துள்ளது. ஓட்டுபவர் தமது உடல் எடையை ஒரு பக்கம் சாய்த்தால் அந்தப் புஷ் அழுந்துகிறது. தாங்கி சாய்வான கோணத்தில் பொருத்தப்பட்டிருப்பதால் அச்சும் அதே பக்கம் திரும்புகிறது. சாய்ந்தால் திரும்பும் என்பதே இதன் முழு இயந்திரவியல். புதுமை செய்ய முனைந்தோர் அனைவரும் இந்த எளிய அமைப்பில் ஏதேனும் ஒரு பகுதியை மாற்றியவர்களே.

சக்கரத்தினுள் உள்ள பேரிங் ‘608’ என்ற அளவைச் சேர்ந்தது. அதன் உள்விட்டம் 8 மில்லிமீட்டர், வெளிவிட்டம் 22 மில்லிமீட்டர், அகலம் 7 மில்லிமீட்டர். சிறு மின்மோட்டார்கள் முதல் பல்வேறு இயந்திரங்களில் பயன்படும் சாதாரண அளவே இது. ஸ்கேட்போர்டுக்கென எவரும் தனியாக இதனை உருவாக்கவில்லை என்பது குறிப்பிடத்தக்கது.

நிலைத்த மாற்றங்கள்

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் 1950களில் சிறுவர்கள் உருளைச் சறுக்குக் காலணிகளைப் பிரித்து, அவற்றின் சக்கரங்களை மரப்பலகையின் அடியில் ஆணியடித்துப் பொருத்தினர். அலை இல்லாத நாட்களில் கடலலைச் சறுக்கு வீரர்கள் தெருவில் பயிற்சி செய்ய இது உதவியது. ‘ரோலர் டெர்பி’ என்ற பெயரில் 1959ஆம் ஆண்டு ஆலைத் தயாரிப்பான பலகை விற்பனைக்கு வந்தது.

அந்தக் காலத்துச் சக்கரங்கள் இரும்பாலும், பின்னர் களிமண் கலவையாலும் ஆனவை. அவை தரையைப் பற்றிக்கொள்ளவில்லை. ஒரு சிறு கூழாங்கல் குறுக்கிட்டாலும் பலகை அங்கேயே நின்றுவிட, ஓட்டியவர் முன்னே தூக்கி எறியப்பட்டார். காயங்கள் பெருகியதால் 1965ஆம் ஆண்டு மே மாதம் ‘லைஃப்’ இதழ் ஸ்கேட்போர்டின் மோகத்தையும் அதன் ஆபத்தையும் குறித்து அட்டைப்படக் கட்டுரை வெளியிட்டது. பல நகரங்கள் தடை விதித்தன. விற்பனை சரிந்தது.

இந்நிலையை மாற்றியது 1970களின் தொடக்கத்தில் ஃபிராங்க் நாஸ்வொர்தி என்ற இளைஞர் கண்ட ஒரு வாய்ப்பாகும். வர்ஜீனியா மாநிலத்தில் உள்ள ஒரு நெகிழித் தொழிற்கூடத்தில், உள்ளரங்கச் சறுக்குக் காலணிகளுக்காக யூரித்தேன் என்னும் நெகிழிப் பொருளில் செய்யப்பட்ட சக்கரங்களை அவர் கண்டார். அவற்றைப் பலகையில் பொருத்தியபோது ஓட்டம் மென்மையானது. சக்கரம் தரையைப் பற்றியது. சிறு கற்களின் மீது நிற்காமல் ஏறி இறங்கியது. ‘காடிலாக்’ என்ற பெயரில் அவர் விற்ற சக்கரங்களே ஸ்கேட்போர்டின் இரண்டாம் பிறப்புக்குக் காரணமாயின. உதிரிக் குண்டுகள் சிதறி விழுந்த பழைய அமைப்புக்கு மாற்றாக, மூடப்பட்ட துல்லிய பேரிங்குகள் 1970களின் நடுப்பகுதியில் சக்கரங்களில் இடம்பெற்றன.

மற்றொரு மாற்றம் வடிவத்தைச் சார்ந்தது. பலகையின் பின்முனையை மேல்நோக்கி வளைக்கும் முறைக்கு லாரி ஸ்டீவன்சன் 1971ஆம் ஆண்டு அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். பின்காலால் அந்த வளைவை மிதித்தால் முன்முனை எழும். மேடு பள்ளத்தை எதிர்கொள்ளவும், நடைபாதை விளிம்பில் ஏறவும் இது வழிசெய்தது. ஆலன் கெல்ஃபாண்ட் 1970களின் பிற்பகுதியில் குழிவான சறுக்குத் தளங்களில் கையால் பிடிக்காமல் பலகையுடன் எழும்பிக் காட்டினார். பின்னர் 1980களின் தொடக்கத்தில் ராட்னி மல்லன் அதனைச் சமதளத்துக்கும் உரியதாக்கினார். ‘ஆலி’ எனப்படும் அந்தத் தாவலே இன்றைய தெருவோர ஸ்கேட்போர்டிங்கின் அடிப்படை.

யூரித்தேன், மூடிய பேரிங், வளைந்த முனை ஆகிய மூன்றும் வந்த காலத்தில் இவையும் புதுமைகளாகவே கருதப்பட்டன. ஆயினும் இவை ஒவ்வொன்றும் சாதாரணச் சாலையில் ஓட்டுபவர் சந்தித்த ஓர் இடையூற்றை நீக்கின.

மறைந்த விந்தைகள்

ஏறக்குறைய அதே காலத்தில் வேறு வகைப் புதுமைகளும் அணிவகுத்தன. கலிபோர்னியாவில் 1975ஆம் ஆண்டளவில் சிறிய பெட்ரோல் எஞ்சின் பொருத்திய ‘மோட்டோபோர்டு’ விற்பனைக்கு வந்தது. காலால் உந்தத் தேவையில்லை என்பது அதன் சிறப்பாகக் கூறப்பட்டது. இரைச்சல், புகை, விபத்து அச்சம் ஆகியவற்றால் 1977ஆம் ஆண்டு அம்மாநிலம் எஞ்சின் பூட்டிய பலகைகளுக்குச் சாலையில் தடை விதித்தது. மின்சாரப் பலகைகளுக்கு மட்டும் 2016ஆம் ஆண்டு முதல் அத்தடை தளர்த்தப்பட்டது. நார்வே நாடு ஒருபடி மேலே சென்று, 1978 முதல் 1989 வரை ஸ்கேட்போர்டையே முற்றிலும் தடை செய்திருந்தது.

சக்கரங்களின் எண்ணிக்கையை மாற்றிய முயற்சிகள் பல. ‘ஃபுளோபோர்டு’ என்பதில் வளைந்த அச்சுகளில் முன் ஏழு, பின் ஏழு எனப் பதினான்கு சிறு சக்கரங்கள் வரிசையாக அமைந்தன. பலகையை எவ்வளவு சாய்த்தாலும் ஏதேனும் இரு சக்கரங்கள் தரையைத் தொடும் என்பது அதன் நோக்கம். சான் ஃபிரான்சிஸ்கோவின் செங்குத்தான சாலைகளுக்காக உருவான ‘ஃப்ரீபோர்டு’ ஆறு சக்கரங்கள் கொண்டது. நடுவில் உள்ள இரண்டும் எத்திசையிலும் சுழல்வதால், பனிச்சறுக்குப் பலகையைப் போல் பக்கவாட்டில் வழுக்கி வேகத்தைக் குறைக்க இயலும். சதுரம் போல் தோற்றமளிக்கும் ‘ஷார்க் வீல்’ என்ற சக்கரம் 2013ஆம் ஆண்டு பொதுமக்களிடம் நிதி திரட்டி வெளிவந்தது. உண்மையில் அது அலை வடிவில் வெட்டப்பட்ட வட்டமே. பக்கத்திலிருந்து நோக்குகையில் கண்ணுக்குச் சதுரமாகப் படுகிறது.

தென்னாப்பிரிக்காவில் 1989ஆம் ஆண்டு தோன்றிய ‘ஸ்னேக்போர்டு’ அறிவியலாளரையும் ஈர்த்தது. ஒரு தண்டின் இரு முனைகளிலும் தனித்தனியே திரும்பக்கூடிய இரண்டு காற்பலகைகள் அதில் உண்டு. தரையைக் காலால் உந்தாமல், இடுப்பையும் பாதங்களையும் மாறி மாறித் திருப்புவதன் மூலமே அது முன்னேறும். கலிபோர்னியா தொழில்நுட்ப நிறுவன ஆய்வாளர்கள் 1990களில் இதன் இயக்கத்தைக் கணித வடிவில் ஆராய்ந்து, ரோபோக்களின் இயக்கவியலுக்கு எடுத்துக்காட்டாகப் பயன்படுத்தினர். கடைகளில் அதன் புகழ் விரைவில் மங்கிய போதும், பொறியியல் ஆய்வுகளில் அதன் பெயர் நிலைத்துவிட்டது.

இதே முறுக்கு இயக்கத்தை எளிமையாக்கியதே இரு சக்கரங்கள் மட்டும் கொண்ட ‘வேவ்போர்டு’. இந்தியாவின் விளையாட்டுப் பொருள் கடைகளிலும் இது கிடைக்கிறது. இரு சக்கரங்களும் சாய்வான அச்சில் முழுவட்டமாகச் சுழல்வதால், சமமான சிமெண்ட் தரையில் பிள்ளைகள் விரைவில் கற்றுக்கொள்கின்றனர். எனினும் அதன் கடினமான சிறு சக்கரங்கள் கற்களின் இடைவெளியில் சிக்கிக்கொள்ளக் கூடியவை.

குழந்தைப் பொருள் நிறுவனமான ‘க்வின்னி’, நீண்ட ஸ்கேட்போர்டின் முன்பகுதியில் குழந்தை இருக்கையை இணைத்து ஒரு வண்டியை வெளியிட்டது. பெற்றோர் பின்னால் நின்று ஓட்டலாம் என விளம்பரப்படுத்தப்பட்டது. வாகனங்கள் அற்ற அகன்ற பாதைகள் உள்ள நகரங்களை மனத்தில் கொண்டு உருவான பொருள் அது.

மிதக்கும் பலகையின் கதை

அனைத்திலும் பெரிய கனவு, சக்கரமே இல்லாத பலகை. ‘பேக் டு தி ஃபியூச்சர்’ திரைப்படத்தின் இரண்டாம் பாகம் 1989ஆம் ஆண்டு வெளியானபோது, அதில் காட்டப்பட்ட மிதக்கும் பலகை உண்மையானதே என இயக்குநர் ராபர்ட் ஜெமெக்கிஸ் வேடிக்கையாகக் கூறினார். பலர் அதை நம்பினர். 2014ஆம் ஆண்டு மார்ச் மாதம் புகழ்பெற்ற வீரர் டோனி ஹாக் மிதக்கும் பலகையில் செல்வதாக ஒரு காணொளி இணையத்தில் பரவியது. அது ஒரு நகைச்சுவை நிறுவனத்தின் தயாரிப்பு என்பது பின்னரே தெரியவந்தது.

அதே ஆண்டின் இறுதியில் ‘ஹெண்டோ’ என்ற பலகை உண்மையாகவே மிதந்தது. அதன் அடியில் சுழலும் காந்தங்கள் மாறும் காந்தப்புலத்தை உருவாக்கின. அப்புலம் கீழேயுள்ள உலோகத்தில் மின்னோட்டத்தைத் தூண்டியது. தூண்டப்பட்ட மின்னோட்டம் எதிர்க் காந்தப்புலத்தை எழுப்பிப் பலகையை ஏறத்தாழ இரண்டரை சென்டிமீட்டர் உயர்த்தியது. பள்ளிப் பாடநூல்களில் இடம்பெறும் லென்ஸ் விதியின் செயல்விளக்கம் இது. ஆனால் தரை முழுவதும் செம்புத் தகடு போன்ற மின்கடத்தியால் ஆனதாக இருக்க வேண்டும். மின்கலம் சில நிமிடங்களே தாங்கியது. விலை 10,000 டாலர்.

அடுத்த ஆண்டு ‘லெக்ஸஸ்’ கார் நிறுவனம், மீகடத்திகளைத் திரவ நைட்ரஜனால் மைனஸ் 197 டிகிரி செல்சியஸ் வரை குளிர்வித்து மிதக்கும் பலகை ஒன்றைக் காட்டியது. ஸ்பெயினின் பார்சிலோனா அருகே, தரைக்கு அடியில் காந்தப் பாதை பதிக்கப்பட்ட சிறப்புப் பூங்காவில் அது இயக்கப்பட்டது. அது விற்பனைக்கு வரவில்லை, விளம்பரத்துக்காகவே உருவாக்கப்பட்டது.

உண்மையில் எத்தரைக்கும் மேலாகப் பறந்தது, பிரான்ஸைச் சேர்ந்த ஃபிராங்கி ஜப்பாட்டாவின் ‘ஃபிளைபோர்டு ஏர்’. முதுகுப்பையில் எரிபொருளைச் சுமந்தபடி, சிறு ஜெட் எஞ்சின்கள் பொருத்திய பலகையில் நின்று, 2019 ஆகஸ்ட் 4 அன்று ஆங்கிலக் கால்வாயை அவர் ஏறத்தாழ 22 நிமிடங்களில் கடந்தார். எரிபொருள் நிரப்ப நடுக்கடலில் ஒரு படகில் அவர் இறங்க நேர்ந்தது. சாதனை என்ற அளவில் அது வியப்புக்குரியது. தெருவில் இறங்கக்கூடிய பொருள் அன்று.

மின்கலமும் தீயும்

காற்றில் மிதக்காத போதிலும் ‘ஹோவர்போர்டு’ என்ற பெயரைச் சூட்டிக்கொண்ட, இரு சக்கரத் தற்சமநிலை மின்பலகைகள் 2015ஆம் ஆண்டு உலகெங்கும் பரவின. ஓராண்டுக்குள் அவற்றின் லித்தியம் அயனி மின்கலங்கள் சூடேறித் தீப்பற்றியதாகப் புகார்கள் குவிந்தன. அமெரிக்க நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2016 ஜூலை மாதம், பத்து நிறுவனங்களின் 5,01,000 பலகைகளைத் திரும்பப் பெற நடவடிக்கை எடுத்தது. மின்கலம் சூடேறியது, புகைந்தது, தீப்பிடித்தது அல்லது வெடித்தது தொடர்பாகக் குறைந்தது 99 சம்பவங்கள் அப்போது பதிவாகியிருந்தன.

நடுவில் ஒரே பெரிய சக்கரம் கொண்ட ‘ஒன்வீல்’ 2014ஆம் ஆண்டு பொதுநிதி திரட்டி அறிமுகமானது. அகன்ற டயர் கொண்டிருப்பதால் புல்தரையிலும் மண்பாதையிலும் ஓடும் திறனால் அது நிலைத்து நின்றது. ஆயினும் ஓட்டுபவரைத் தாங்கி நிற்பது முழுவதும் மோட்டாரின் விசையே. அதன் எல்லையை மீறும்போது பலகை திடீரென முன்முனை தாழ்ந்து விழலாம். நான்கு உயிரிழப்புகள் பதிவானதை அடுத்து, 2023 செப்டம்பரில் ஏறத்தாழ 3,00,000 பலகைகள் திரும்பப் பெறும் அறிவிப்புக்கு உள்ளாயின. அந்நால்வரில் குறைந்தது மூவர் தலைக்கவசம் அணிந்திருக்கவில்லை என ஆணையம் தெரிவித்தது.

இந்தியச் சட்டத்திலும் இவ்வகைப் பொருள்களுக்கு வரையறை உண்டு. மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, மோட்டாரின் முப்பது நிமிடத் திறன் 0.25 கிலோவாட்டுக்குக் குறைவாகவும், உச்ச வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் குறைவாகவும் இருந்து, அங்கீகரிக்கப்பட்ட சோதனை அமைப்பு அதனைச் சான்றளித்தால் மட்டுமே ஒரு மின்வாகனம் ‘மோட்டார் வாகனம்’ என்ற வரையறையிலிருந்து விலக்குப் பெறும். விரைவாக ஓடும் பல வெளிநாட்டு மின்பலகைகள் இவ்வரம்பைத் தாண்டுபவை. அவற்றைப் பொதுச்சாலையில் ஓட்டுவது சட்டச் சிக்கலுக்கு இடமளிக்கும்.

பேரிங் வண்டி என்னும் நம்மூர்க் கண்டுபிடிப்பு

கலிபோர்னியச் சிறுவர்கள் சறுக்குக் காலணியைப் பிரித்துச் செய்ததற்கு நிகரான ஒன்றைத் தமிழகச் சிறுவர்கள் பழைய பேரிங்குகளைக் கொண்டு செய்தனர். மெக்கானிக் கடைகளில் ‘பால்ரஸ்’ என்றும் வழங்கப்படும் தேய்ந்த பேரிங்குகள் மூன்றோ நான்கோ கிடைத்தால் போதும். அகன்ற பலகையின் பின்புறம் ஒரு மரக்கட்டையை நிலையாக அடித்து, அதன் இரு முனைகளையும் செதுக்கி பேரிங்கை இறுக்கிப் பொருத்துவர். முன்புறக் கட்டை மட்டும் ஒரே போல்ட்டில் சுழலும்படி அமைக்கப்படும். அக்கட்டையின் இரு முனைகளிலும் கட்டிய கயிறே கடிவாளம். அமர்ந்தபடி காலால் முன்கட்டையைத் திருப்புவதும் உண்டு.

பனங்காயை உருட்டும் நுங்கு வண்டியைப் போலவே, அருகில் வீணாகக் கிடப்பதை எடுத்து ஆக்கிக்கொண்ட பொருள் இது. பிரேசிலில் ‘ரொலிமா’ வண்டி என்றும், கியூபாவில் ‘சிவிசானா’ என்றும் இதே பேரிங் வண்டி வழங்கப்படுகிறது. ஒருவரை ஒருவர் அறியாத சிறுவர்கள் பல நாடுகளில் ஒரே விடையைக் கண்டடைந்துள்ளனர். மோட்டார் வாகனம் புழங்கும் இடமெங்கும் தேய்ந்த பேரிங் குவியும் என்பதே அதற்குக் காரணம். மறுசுழற்சித் தொழிலுக்குப் பெயர்பெற்ற தாராவியும், வாகன உதிரி பாகக் கடைகள் நிறைந்த குர்லாவும் சயானுக்கு இருபுறமும் அமைந்திருப்பதால், இப்பகுதியில் அத்தகைய மூலப்பொருளுக்குப் பஞ்சமில்லை.

பேரிங் வண்டியின் குறைகளும் தெளிவானவை. பேரிங்கின் வெளிவளையமே சக்கரமாகத் தரையில் உருள்வதால், 1950களின் இரும்புச் சக்கரங்களுக்கு இருந்த அதே குறை இதற்கும் உண்டு. அது தரையைப் பற்றாது; பெரும் இரைச்சலிடும்; ஒவ்வோர் அதிர்வையும் அமர்ந்திருப்பவரின் முதுகெலும்புக்கே அனுப்பும். நிறுத்தும் கருவியும் இல்லை. அகன்ற பலகையில் தாழ்வாக அமர்ந்து செல்வதால் கவிழும் வாய்ப்பு குறைவு. ஆனால் கனரக வாகன ஓட்டுநரின் கண்ணில் படாத அளவுக்கு அது தாழ்வானது. எனவே போக்குவரத்துள்ள சாலையில் இதனை ஓட்டுவது பேராபத்து.

விளையாட்டு அல்லாத பலகை

இதே அமைப்பு மும்பையில் வேறொரு பணியையும் செய்துவருகிறது. கால்களை இழந்த அல்லது போலியோவால் பாதிக்கப்பட்ட ஏழை மாற்றுத்திறனாளிகள் சிலர், நான்கு பேரிங்குகள் பொருத்திய பலகையில் அமர்ந்து, கைகளால் தரையை உந்தியவாறு நடைபாதைகளிலும் ரயில் நிலையங்களிலும் செல்வதை நகரவாசிகள் அறிவர். அவர்களுக்கு அது கண்காட்சிப் பொருளன்று. வேலைக்குச் செல்லும் வழி.

பேவர் பிளாக் கற்களுக்கு இடையிலான பிளவு, உயர்ந்து நிற்கும் சாக்கடை மூடியின் விளிம்பு, நடைபாதையிலிருந்து சாலைக்கு இறங்கும் ஓரடிப் படி ஆகிய ஒவ்வொன்றும் அந்தச் சிறு சக்கரங்களுக்குத் தடைச்சுவராகிறது. சயான், கிங்ஸ் சர்க்கிள், காந்தி மார்க்கெட் பகுதிகளில் மழைக்காலத்தில் நீர் தேங்கும்போது பேரிங்கில் உள்ள கிரீஸ் கரைந்து துரு ஏறுகிறது. கைகளில் காயம் பட்டால் அழுக்கு நீரால் தொற்று ஏற்படும் அபாயமும் உண்டு.

இத்தேவைக்கு முறையான தீர்வுகள் இல்லாமல் இல்லை. மாற்றுத்திறனாளிகளுக்குக் கருவிகள் வழங்கும் ‘அடிப்’ திட்டத்தை மத்திய அரசு 1981 முதல் செயல்படுத்தி வருகிறது. கான்பூரில் உள்ள பொதுத்துறை நிறுவனமான ‘அலிம்கோ’ மூன்று சக்கர மிதிவண்டிகள், சக்கர நாற்காலிகள் உள்ளிட்டவற்றைத் தயாரிக்கிறது. சென்னை ஐ.ஐ.டி.யின் ஆய்வு மையத்தில் உருவாகி, ‘நியோமோஷன்’ நிறுவனம் வாயிலாக வெளிவந்த ‘நியோபோல்ட்’ என்பது, சக்கர நாற்காலியின் முன்புறம் மாட்டிக்கொள்ளும் மின்மோட்டார் இணைப்பாகும். மாட்டியவுடன் நாற்காலி சாலையில் ஓடும் வாகனமாகிறது. கழற்றினால் வீட்டுக்குள் பயன்படுகிறது. ஒருமுறை மின்னேற்றினால் 25 கிலோமீட்டர் வரை செல்ல இயலும். தோற்றத்தில் இதுவும் விந்தையானதே. ஆயினும் மேடு பள்ளமான இந்தியச் சாலையைக் கணக்கில் கொண்டு வடிவமைக்கப்பட்டது.

கருவி மட்டும் போதாது என்பதையும் சட்டம் ஏற்றுள்ளது. நடைபாதைகளும் பொதுக் கட்டடங்களும் அணுகத்தக்கனவாக இருக்க வேண்டும் என 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வலியுறுத்துகிறது. அணுகல் தொடர்பான விதிகளைக் கட்டாயமாக்கும்படி 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. சக்கரத்தை மாற்றுவதைவிடத் தரையைச் சீராக்குவதே பல வேளைகளில் பெரிய தீர்வாக அமையும்.

சாதாரணப் பலகையே சாதித்தது

விந்தைப் பலகைகள் வந்து சென்றபோதும், விளையாட்டாக ஸ்கேட்போர்டிங் வளர்ந்தது சாதாரணப் பலகையின் மீதே. டோக்கியோ ஒலிம்பிக்கில் முதன்முறையாக இவ்விளையாட்டு இடம்பெற்றபோது, 2021 ஜூலையில் மகளிர் தெருவோரப் பிரிவில் ஜப்பானின் மோமிஜி நிஷியா தமது 13ஆம் வயதில் தங்கம் வென்றார். அவரது காலின் கீழ் இருந்தது மரப்பலகை, இரு தாங்கிகள், நான்கு யூரித்தேன் சக்கரங்கள் மட்டுமே.

இந்தியாவிலும் அவ்வாறே. மத்தியப் பிரதேசத்தின் பன்னா மாவட்டத்தில் உள்ள ஜன்வார் கிராமத்தில் ஜெர்மனியைச் சேர்ந்த உல்ரிக் ரைன்ஹார்ட் 2015ஆம் ஆண்டு ஸ்கேட்போர்டு பூங்கா ஒன்றை அமைத்தார். பள்ளிக்குச் செல்லாதவர்களுக்குப் பலகை இல்லை, பெண் பிள்ளைகளுக்கே முதலிடம் என்னும் இரு விதிகள் அங்கு வகுக்கப்பட்டன. அக்கிராமத்தின் ஆஷா கோண்ட் 2018ஆம் ஆண்டு சீனாவில் நடைபெற்ற உலகச் சாம்பியன்ஷிப் போட்டியில் இந்தியா சார்பில் பங்கேற்றார்.

தமிழகத்தின் மாமல்லபுரத்தில் மீனவக் குடும்பச் சிறுமி கமலி மூர்த்தியைப் பற்றி எடுக்கப்பட்ட ‘கமலி’ ஆவணக் குறும்படம் பிரிட்டனின் பாஃப்டா விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. பெங்களூருவைச் சேர்ந்த ‘ஹோலிஸ்டோக்ட்’ குழுவினர் நாட்டின் பல இடங்களில் ஸ்கேட்போர்டு பூங்காக்களைக் கட்டியுள்ளனர். இவை அனைத்திலும் புதிதாக அமைந்தது பலகையன்று. பலகை ஓடுவதற்கான இடமே.

வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை

ஸ்கேட்போர்டு வாங்க விரும்புவோர் முதலில் கவனிக்க வேண்டியது சக்கரம். தாவல் பயிற்சிக்கான பலகைகளில் 50 முதல் 54 மில்லிமீட்டர் விட்டமுள்ள கடினமான சக்கரங்கள் பொருத்தப்படுகின்றன. அவை வழுவழுப்பான தளத்துக்கே ஏற்றவை. கற்பாவிய நடைபாதைக்கும் சொரசொரப்பான சாலைக்கும் 60 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட மென்மையான சக்கரங்களே பொருந்தும். சக்கரத்தின் மீது எண்ணுடன் ஆங்கில எழுத்து ‘ஏ’ அச்சிடப்பட்டிருக்கும். 78 போன்ற சிறிய எண் மென்மையையும், 100ஐ ஒட்டிய எண் கடினத்தையும் குறிக்கும்.

கடினமான நெகிழிச் சக்கரங்கள் பொருத்திய மலிவு விலைப் பலகைகள் பார்வைக்கு ஒன்றுபோல் தோன்றினாலும் தரையைப் பற்றுவதில்லை. பொம்மை என்ற வகையில் விற்கப்படும் பொருள்களுக்கு 2021 ஜனவரி 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயமாக்கப்பட்டுள்ளது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். மின்பலகையாயின் மின்கலத்தின் பாதுகாப்புச் சான்றினைக் கேட்டுப் பெறுவதும், இரவில் படுக்கையறையிலோ வாயில் வழியிலோ மின்னேற்றம் செய்யாதிருப்பதும் நன்று. ஒரே வாயில் கொண்ட சிறு வீடுகளில் இது மேலும் முக்கியமானது.

ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் ஸ்கேட்போர்டைப் பயன்படுத்தலாகாது என்றும், ஆறு முதல் பத்து வயது வரையிலானோர் பெரியவர்களின் நேரடிக் கண்காணிப்பிலேயே ஓட்ட வேண்டும் என்றும் அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாதமி அறிவுறுத்துகிறது. தலைக்கவசம், முழங்கை மற்றும் முழங்கால் காப்பு, மணிக்கட்டுக் காப்பு ஆகியவை அவசியம். விழும்போது கையை ஊன்றுவது இயல்பாதலால் மணிக்கட்டு எலும்பு முறிவு இவ்விளையாட்டில் மிகுதி. தலையில் அடிபட்டு வாந்தி, மயக்கம், உளறல் ஆகியவற்றில் ஏதேனும் காணப்பட்டால் காத்திராமல் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். சயானில் விபத்துச் சிகிச்சைக்குப் பெயர்பெற்ற லோகமான்ய திலக் மாநகராட்சிப் பொது மருத்துவமனை உள்ளது.

மும்பையின் பாந்த்ரா கார்ட்டர் சாலையிலும் நவி மும்பையின் நெரூலிலும் ஸ்கேட்போர்டு பூங்காக்கள் உள்ளன. சயானிலிருந்து நெரூலுக்குச் செல்வோர் குர்லாவில் ஹார்பர் வழித்தடத்துக்கு மாறிச் செல்லலாம். தொடக்க நிலையில் உள்ளவர்கள் குடியிருப்பு வளாகத்தின் சிமெண்ட் முற்றத்தில், வாகனம் நுழையாத வேளையில், நின்று சமநிலை பழகுவதே முதற்படி எனப் பரிந்துரைக்கப்படுகிறது.